வெயிலையும் சேமிக்கலாம்

கோடை வெயிலை நாம் குறை கூறாத நாளில்லை. ஆயினும், அவ்வெயிலையே ஆண்டு முழுவதற்குமாகச் சேமித்து வைக்கும் கலையை நம் இல்லங்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளன. வடாம் இடுவதே அக்கலை.

இரவு ஊறவைத்த ஜவ்வரிசியைக் கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சி, உப்பும் அரைத்த பச்சை மிளகாயும் சேர்ப்போம். ஆறியபின் எலுமிச்சைச் சாறு கலந்து, மொட்டை மாடியில் விரித்த வேட்டியின்மீது கரண்டியால் இடுவோம். காக்கை விரட்டுவது பிள்ளைகளின் பணி. பாதி காய்ந்த வடாமில் காக்கையின் பங்கைவிட அவர்களின் பங்கே மிகுதி! நன்கு உலர்ந்தபின் துணியின் பின்புறம் நீர் தெளித்தால் எளிதில் உரிந்து வரும். மீண்டும் ஒருநாள் காயவைத்து டப்பாவில் அடைக்கலாம்.

இவ்வழக்கம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மராட்டிய, குஜராத்திய இல்லங்களிலும் கோடையில் அப்பளம் உலர்வதைக் காணலாம். மும்பையின் கிர்காம் பகுதியில் 1959 மார்ச்சில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, ஒரு மொட்டை மாடியில் தொடங்கிய அப்பளத் தொழிலே இன்றைய லிஜ்ஜத்.

பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் நாங்கள், ஆண்டுதோறும் அன்னையிடம் தொலைபேசியில் அளவு கேட்கிறோம். “எல்லாம் கண்ணளவுதான்” என்பதே விடை. எவரும் எழுதி வைக்காத அந்த அளவை அருகிலிருந்து பார்த்தே கற்க முடியும். பாட்டியின் கை ஓயுமுன், இவ்விடுமுறையிலேயே பிள்ளைகளை அவரருகே அமர்த்துவோம். மழைநாளில் வடாம் பொரியும்போது, அச்சேமிப்பில் தம் பங்கும் உண்டென அவர்கள் மகிழ்வார்கள்.