கேமரா பதிவு கம்ப்யூட்டரில் ஓடவில்லையா?

தராசுக்கு அடுத்தபடியாக இன்று மளிகைக் கடைகளில் தவறாமல் இருப்பது கண்காணிப்புக் கேமரா. அதை மாட்டும்போது எத்தனை கேமரா, எத்தனை நாள் பதிவு, என்ன விலை என்று துருவித் துருவிக் கேட்கும் நாம், அந்தப் பதிவை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடுமா என்று மட்டும் கேட்பதில்லை. தேவைப்படும் நாளில்தான் அது தெரிய வருகிறது.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு கல்லாக் கணக்கு முடித்தபோது 9,500 ரூபாய் குறைந்தது. பொட்டலம் கட்டும் பையன்தான் அன்று கல்லாப் பக்கம் போய் வந்தான் என்று ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். பதிவைப் பென் டிரைவில் எடுத்து, பில் போடும் கம்ப்யூட்டரில் செருகினோம். நேரம் ஓடுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. கேமரா பழுது என்று முடிவு கட்டிவிட்டோம். இரண்டு நாள் அந்தப் பையன் தலை நிமிராமல் வேலை செய்தான். மூன்றாம் நாள் பில்லிங் சாப்ட்வேர் பார்க்க வந்த இளைஞர் வேறொரு பிளேயரைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் படத்தை ஓடவிட்டார். எண்ணெய் டின் இறக்கிய வண்டிக்காரரிடம் என் தம்பியே பணத்தை எண்ணிக் கொடுப்பதும், சிட்டையில் எழுதாமல் திரும்புவதும் தெளிவாகத் தெரிந்தன.

கேமராவிலும் பழுதில்லை, பதிவிலும் பழுதில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? எண்ணெய் டின்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே லேபிள் ஒன்று, உள்ளே சரக்கு ஒன்று. வீடியோ கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, ஏவிஐ என்பவை டின்னின் வகையை மட்டுமே சொல்கின்றன. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003-ல் வந்த எச்.264 என்ற முறையை ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டர்களும் அறியும். 2013-ல் வந்த எச்.265 முறையோ, அதே தரமுள்ள படத்தைச் சுமார் பாதி இடத்தில் அடக்கிவிடும். அதிக நாள் பதிவு வேண்டும் என்று நாம் கேட்பதால், கேமரா மாட்டுபவர் ரிக்கார்டரில் அதைத்தான் வைத்துவிட்டுப் போகிறார். விண்டோஸில் உள்ள பிளேயர் இந்த முறையைப் பல கம்ப்யூட்டர்களில் அறியாது. அதற்கென்று ஓர் இணைப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்கச் சொல்லும். கறுப்புத் திரைக்கும், படமில்லாமல் சத்தம் மட்டும் வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். சிலர் எம்பி4 என்ற பெயரை ஏவிஐ என்று மாற்றிப் பார்க்கிறார்கள். லேபிளை மாற்றினால் உள்ளே இருக்கும் எண்ணெய் மாறுமா?

எளிய வழி, விஎல்சி என்ற இலவசப் பிளேயரைப் போட்டுக்கொள்வது. பாரிஸ் நகருக்கு அருகே 1996-ல் ஒரு கல்லூரியின் மாணவர்கள் தொடங்கிய வேலை இது. 2001 முதல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விடப்பட்டது. எச்.264, எச்.265 இரண்டையும் பிரிக்கும் வசதி அதனுள்ளேயே இருக்கிறது. ஆனால் வீடியோலேன் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். 2022-ல் அந்தத் தளம் நம் நாட்டில் சில மாதங்கள் தடைபட்டிருந்து, நவம்பரில்தான் மீண்டும் திறந்தது. கோடெக் மூட்டை என்று சொல்லிக் கண்ட இடத்தில் கிடைப்பதை எல்லாம் பில் போடும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம். வைரஸ் புகுந்தால் வீடியோவோடு பற்று வரவுக் கணக்கும் போய்விடும்.

விஎல்சியிலும் படம் பச்சை பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால், டூல்ஸ் என்பதில் பிரிபரன்சஸ் திறந்து, இன்புட்/கோடெக்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங் என்பதை டிசேபிள் ஆக்கி, சேவ் செய்து, பிளேயரை மூடித் திறந்து பாருங்கள். விட்டு விட்டு ஓடினால் பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல், கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் நகல் எடுத்து ஓட்டுங்கள். சத்தம் வரவில்லை என்பதும் ஒரு புகார். பல கடைகளின் கேமராவில் மைக்கே கிடையாது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளவும்.

கோப்பு அடியோடு திறக்கவே மறுத்தால் அது நம் அவசரத்தின் விளைவாக இருக்கலாம். எம்பி4 கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படுகிறது. நகல் முடியும் முன் பென் டிரைவைப் பிடுங்கினால் பட்டியல் இல்லாத கோப்புதான் கையில் கிடைக்கும். இன்னொன்று, ஃபாட்32 முறையில் உள்ள பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் ஏறாது. ஆகவே நாள் முழுவதையும் ஒரே கோப்பாக எடுக்காமல் மணிக்கணக்காகப் பிரித்து எடுக்கவும். சில ரிக்கார்டர்கள் தங்களுக்கே உரிய வடிவில் பதிவைத் தந்து, கூடவே அதை ஓட்டும் சிறு பிளேயரையும் பென் டிரைவில் வைக்கும். வேண்டாத பொருள் என்று அதை அழித்துவிடாதீர்கள்.

படம் ஓடுகிறதா என்று அன்றே பார்ப்பது அவசியம். ரிக்கார்டரின் டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். பத்து நாள் பதிவு கொள்ளும் ரிக்கார்டரில் பதினைந்தாம் நாள் தேடினால் கிடைக்காது.

விவகாரம் போலீஸ், கோர்ட்டு என்று போனால் கூடுதல் கவனம் தேவை. மூலக் கோப்பை வெட்டுவதோ வேறு வடிவுக்கு மாற்றுவதோ கூடாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும் அது சுருக்கப்பட்டுவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி இத்தகைய பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் ஒரு பகுதியிலும் கையெழுத்திடுவார்கள். அதில் ஹாஷ் என்ற எண் குறிக்கப்படும். அது மூட்டை வாயில் வைத்த அரக்கு முத்திரை மாதிரி. கோப்பில் சிறிது மாறினாலும் அந்த எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரிக்கார்டரின் கடிகாரத்தையும் மாதம் ஒரு முறை செல்போனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ரிக்கார்டர் 40 நிமிடம் பின்தங்கி ஓடியது. எண்ணெய் வண்டி மாலை 5 மணிக்கு வந்தது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது, படத்திலோ 4.20 என்று இருந்தது. வீட்டு விவகாரம் என்பதால் அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.