வேறு ஏரியில் வாழும் மீன்: இடமாற்றம் ஓர் இனத்தைக் காப்பாற்றுமா?

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் உள்ள பெடர் ஏரியும் அதை ஒட்டிய ஓடைகளும்தான் பெடர் கேலக்ஸியாஸ் என்னும் மீனின் பூர்வீகம். செதிலற்ற உடல், ஒரு சாண்கூட வளராது. இன்று அந்த ஏரியில் இந்த மீன் இல்லை. ஆனாலும் இனம் அழியவில்லை. மனிதர்கள் அதை வேறு நீர்நிலைகளுக்குக் கொண்டுபோய் விட்டதே காரணம்.

பெடர் ஏரிக்கு என்ன ஆனது?

1972-இல் நீர்மின் திட்டத்துக்காக அணைகள் கட்டி ஏரியை மூழ்கடித்தார்கள். சுமார் 10 சதுர கிலோமீட்டர் ஏரி, ஏறத்தாழ 240 சதுர கிலோமீட்டர் நீர்த்தேக்கமாக விரிந்தது. ஐரோப்பாவிலிருந்து டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட பழுப்பு ட்ரவுட் அதில் பெருகியது. ஏறும் கேலக்ஸியாஸ் என்னும் இன்னொரு மீனும் இரைக்குப் போட்டியாக வந்து சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே பெடர் மீனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

எங்கே மாற்றினார்கள்?

ஒரு மலைத்தொடரின் உயரத்தில் இருக்கும் ஓபரான் ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அதுவரை மீனே கிடையாது. ட்ரவுட் ஏறிவரவும் வழியில்லை. 1991 முதல் சில ஆண்டுகளில் அங்கே விடப்பட்டவை 40 மீன்களுக்கும் குறைவு. அவை நிலைத்துப் பெருகின. 2001-இல் ஸ்ட்ராத்கார்டன் அருகே ஒரு சிறிய நீர்த்தேக்கத்திலும் இந்த இனம் விடப்பட்டது.

ஓர் இடம் போதாதா?

போதாது. வறட்சியோ நோயோ ஒரே வீச்சில் மொத்த இனத்தையும் கொண்டுபோய்விடும். 1969 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் அது நடக்கப் பார்த்தது. ஓவன்ஸ் பப்ஃபிஷ் என்னும் மீன் எஞ்சியிருந்த ஒரே குட்டை வற்றத் தொடங்கியதும், மீனியலாளர் ஃபில் பிஸ்டரும் உதவியாளர்களும் சுமார் 800 மீன்களை அள்ளி மீட்டார்கள். அந்த இனம் முழுவதையும் பிஸ்டர் இரண்டு வாளிகளில் சுமந்துபோய் வேறு நீரில் சேர்த்தார். ஒரு வாளி கவிழ்ந்திருந்தால் பாதி இனம் போயிருக்கும்.

என்னென்ன ஆபத்து?

புது வீட்டில் ஏற்கெனவே வாழும் பூச்சிகளையும் தலைப்பிரட்டைகளையும் வந்த மீன் தின்று தீர்க்கலாம். நோயும் ஒட்டுண்ணியும் கூடவே போகலாம். சில மீன்களிலிருந்து பெருகும் கூட்டத்தில் மரபணு வேறுபாடு குறைந்து, நோயைத் தாங்கும் வலு சுருங்கலாம். அதனால்தான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஆபத்தை முன்கூட்டியே எடைபோடவும், விட்ட பின்பும் தொடர்ந்து கண்காணிக்கவும் வலியுறுத்துகின்றன.

அப்படியென்றால் இதுதான் தீர்வா?

இல்லை; இது முதலுதவி. பெடர் மீன் உயிரோடு இருக்கிறது, ஆனால் அதன் சொந்த ஏரி அதற்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நீரைத் திருப்புவதும், வேற்றிட மீன்களைக் கொண்டுவந்து விடுவதும் தொடரும்வரை, வாளிகளால் எல்லா இனங்களையும் காப்பாற்ற முடியாது.

இதில் நமக்கும் பங்குண்டு. வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவதைப் புண்ணியம் என்று நினைக்காதீர்கள். அதை மீன் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்க விரும்புகிறவரிடம் ஒப்படையுங்கள். நம் ஊர்க் குளத்து மீன்களுக்கு நாம் செய்யக்கூடிய எளிய உதவி அது.