விளங்குகிற கணக்கே நல்ல கணக்கு



வியாபாரம் செய்யப் பெரிய மூளை வேண்டும், பெரிய பேச்சு வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒருவர் வந்து விளங்காத வார்த்தைகளில் ஒரு திட்டத்தைச் சொன்னால், "அவரு படிச்சவரு, சரியாத்தான் இருக்கும்" என்று தலையாட்டி விடுகிறோம். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை சில வேளை ஒரு வருஷச் சம்பளமாக இருக்கிறது.

இந்த இதழில் நாம் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். ஒரு தொழிலோ, சங்கமோ, கடனோ, அதில் சேருகிற கடைசி ஆளுக்கும் விளங்குகிற மாதிரி எளிதாக இருக்க வேண்டும். விளங்கினால்தான் நாம் கேள்வி கேட்க முடியும். கேள்வி கேட்க முடிந்தால்தான் நம் காசுக்கு நாம் காவல்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தால் சண்டை குறைவு. தராசு மறைவில் இருந்து, வாயால் மட்டும் கிலோ சொன்னால், சரியாகவே சொன்னாலும் சந்தேகம் வரும். வியாபாரமும் அப்படித்தான்.

சீட்டு ஏன் நிலைத்தது?

நம் லயங்களில் பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். பன்னிரண்டு பேர், மாதம் 5,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் 60,000 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் எல்லோருக்கும் ஒரு முறை கிடைத்துவிடும். அம்புட்டுத்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பதும் லயத்துக்கே தெரியும். சீட்டு இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்த எளிமையே பெரிய காரணம்.

ஆனால் எளிமை என்றால் எழுதாமல் விடுவது அல்ல. சீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனதால் காசு இழந்தவர்களும் உண்டு. கணக்கு எளிதாக இருக்க வேண்டும். அதே நேரம் கொப்பியில் எழுதி எல்லோரும் பார்க்கும்படியும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் காவல்.

இருபத்தெட்டுப் பேர் திறந்த கடை

இங்கிலாந்தில் ரொச்டேல் என்ற ஊரில், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து, 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி ஒரு சின்னக் கடையைத் திறந்தார்கள். கூலி குறைவு, கடைகளில் கலப்பட மாவு, கள்ள நிறை, தீராத கடன் பற்று. இதுதான் அவர்களுடைய நிலைமை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த 28 பவுண்தான் முதல். முதல் நாள் விற்பனைக்கு வைத்தது வெண்ணெய், சீனி, மாவு, ஓட்ஸ் மா, மெழுகுதிரி. வேறொன்றும் பெரிதாக இல்லை.

அவர்களுடைய திட்டத்தை ஐந்து வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கலப்படம் இல்லாத சாமான். சரியான நிறை. கைக்காசுக்கு மட்டும் விற்பனை. இலாபத்தில் வாங்கிய அளவுக்குப் பங்கு. எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. இந்தச் சின்னக் கடையின் விதிகள்தான் பின்னால் உலகம் முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அடிப்படையாகின. எங்கும் பரவியதற்கு ஒரு காரணம், அவற்றை எந்த மொழியிலும் எந்தத் தொழிலாளிக்கும் சொல்லிவிட முடிந்ததுதான்.

யாழ்ப்பாணத்தில் அது வேர்விட்ட விதம்

இலங்கையில் 1911ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அதை இறுகப் பிடித்துக்கொண்ட இடங்களில் யாழ்ப்பாணக் குடாநாடு முக்கியமானது. குடாநாடு நம் மலைகளுக்கு எவ்வளவோ தூரம். அங்கே ஆறு இல்லை, தேயிலை இல்லை. செம்மண்ணும் கிணறும்தான். துலாவில் தண்ணீர் இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வளர்த்த மக்கள் அவர்கள். நம்மைப் போல உடம்பை நம்பி வாழ்ந்தவர்கள்.

அவர்களுடைய புகையிலையில் ஒரு வகை மலையாளத்துக்கு, அதாவது அன்றைய திருவிதாங்கூருக்குப் போனது. அதனால் அதற்கு மலையாளப் புகையிலை என்றே பெயர். தனித்தனியாக நின்று வியாபாரியிடம் விற்றால், கடல் கடந்த சந்தையில் என்ன விலை போகிறது என்பது தோட்டக்காரனுக்கு எப்படித் தெரியும்? 1934ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருவானது. சங்கத்தின் வேலையை ஒரு வரியில் சொல்லலாம்: உறுப்பினரின் புகையிலையைச் சேர்த்து, ஒன்றாக விற்பது. புகையிலை உடம்புக்குக் கேடு. அது வேறு பேச்சு. தனியாக நின்றவன் கூட்டாக நின்றதுதான் இங்கே நமக்குப் பாடம்.

வலிகாமம் மேற்கில் மூளாய் என்று ஒரு கிராமம். அங்கே 1930களில் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே எழுப்பினார்கள். கடன் சங்கம், விற்பனைச் சங்கம், வைத்தியசாலை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: ஆளுக்குக் கொஞ்சம் போடு, தேவை வந்தவர் எடுக்கட்டும், கணக்கை எல்லோரும் பார்க்கட்டும்.

இந்த இயக்கத்தில் முன் நின்றவர்களில் ஒருவர் வீ. வீரசிங்கம். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். யாழ்ப்பாண நகரில் உள்ள வீரசிங்கம் மண்டபம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கூட்டுறவுக்குத் தலைமை தாங்கியது நமக்குப் பொருத்தமாகவே தெரிகிறது. விளங்கப்படுத்துவதுதானே ஆசிரியரின் தொழில்?

பெரிதானபோது என்ன நடந்தது?

1970ஆம் ஆண்டுக்குப் பின், அரசாங்கம் நாடு முழுவதும் இருந்த ஆயிரக்கணக்கான கிராமச் சங்கங்களை இணைத்து, சில நூறு பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக்கியது. அதற்கு நியாயமான காரணம் இருந்தது. பல சின்னச் சங்கங்களுக்கு முதல் போதவில்லை. பெரிய சங்கத்தால் மொத்தமாகச் சாமான் எடுக்க முடியும், லொறி வைத்துக்கொள்ள முடியும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு கணக்குப் புத்தகம் அடுத்த ஒழுங்கையில் இருந்தது. கணக்கு எழுதுபவரைக் கோயிலில் பார்க்கலாம், கேட்கலாம். சங்கம் பெரிதானதும் புத்தகம் தூரப் போனது. உறுப்பினர் வாடிக்கையாளராக மாறினார். பெரிதாவது தவறு அல்ல. பெரிதாகும்போதும் கணக்கு உறுப்பினரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சொல்லும் மொழியும் முக்கியம்

திட்டம் எளிதாக இருந்தால் மட்டும் போதாது. கேட்பவருடைய மொழியில் சொல்லவும் வேண்டும். இதற்கும் குடாநாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. டாக்டர் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தார், மாணவர்களுக்கு வைத்தியமும் படிப்பித்தார். முதலில் படிப்பு ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விட, கிராமத்தில் வைத்தியர் இல்லாமல் போனது. ஆகவே 1860களில் அவர் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். தாமும் தமிழ் கற்று, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, உடற்கூறு, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்று பல நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார்.

மனித உடம்பையே தமிழில் விளங்கப்படுத்த நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே முடிந்தது. அப்படியிருக்க, ஒரு கடன் பத்திரத்தைத் தமிழில் விளங்கப்படுத்த முடியாது என்று யாராவது சொன்னால் நாம் நம்பலாமா?

அதே மண்ணில் விளங்காத கடன்

2009இல் யுத்தம் முடிந்த பின் கடன் கம்பனிகள் பல வடக்குக்குப் போயின. நுண்கடன் என்று பெயர். வீட்டு வாசலுக்கே வந்து, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, கிழமைக்குக் கிழமை அறவிட்டார்கள். தோட்டங்களுக்கும் இவர்கள் வந்தது உங்களுக்குத் தெரியும். வட்டி உண்மையில் எவ்வளவு என்பது வாங்கிய பலருக்கு விளங்கவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த குடும்பங்கள் ஏராளம். 2018ஆம் ஆண்டு அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், யாழ்ப்பாணம் உட்பட, ஒரு இலட்சம் ரூபாய் வரையான பெண்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதே ஆண்டு முடிவில் மத்திய வங்கி இத்தகைய கடன்களுக்கு வருடம் 35 சதவீதம் என்று உச்ச வட்டி விதித்தது. நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

எங்கே விளங்காமல் போகிறது என்று ஒரு கணக்குப் பார்ப்போம். 60,000 ரூபாய் கடன், பன்னிரண்டு மாதம். "மாதம் இரண்டு வீதம்தான்" என்கிறார்கள். கேட்க லேசாகத்தான் இருக்கிறது.

முதல் வழி: வட்டியை எப்போதும் முழு 60,000க்குப் போடுவது. மாதம் 1,200 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு 14,400 ரூபாய்.

இரண்டாவது வழி: மாதம் 5,000 முதல் கட்டக் கட்ட, மிச்சம் இருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி போடுவது. முதல் மாதம் 1,200, அடுத்த மாதம் 1,100, அதற்கடுத்து 1,000 என்று குறைந்துகொண்டே போய், கடைசி மாதம் 100 ரூபாய். மொத்தம் 7,800 ரூபாய்.

இரண்டும் "மாதம் இரண்டு வீதம்"தான். ஆனால் வித்தியாசம் 6,600 ரூபாய். முதல் வழியில், நீங்கள் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்த காசுக்கும் வட்டி கட்டுகிறீர்கள். வருடக் கணக்கில் பார்த்தால் அது 24 வீதம் அல்ல, 40 வீதத்துக்கும் மேல். இதை மறைக்கப் பொய் சொல்லவே தேவையில்லை. விளங்கப்படுத்தாமல் விட்டாலே போதும்.

"ஆள் சேர்த்தால் காசு" என்று வரும் பிரமிட் திட்டங்களும் இப்படித்தான். படம் போட்டு, கோடு இழுத்து, வட்டம் வரைந்து காட்டுவார்கள். காசு எந்தச் சாமானை விற்றதால் வருகிறது என்று கேட்டால் நேரான பதில் வராது. இப்படியான திட்டங்கள் இலங்கையின் வங்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை.

நாம் செய்யக்கூடியவை

கையெழுத்து வைக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். மொத்தமாக எவ்வளவு ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டும்? வட்டி முழுக் கடனுக்கா, மிச்சக் கடனுக்கா? ஒரு தவணை தவறினால் என்ன ஆகும்? இதையெல்லாம் தமிழில் எழுதித் தருவீர்களா? பதிலை வீட்டுக்குப் போய் உங்கள் வார்த்தையில் இன்னொருவருக்குச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கடன் இன்னும் உங்களுக்கு விளங்கவில்லை. ஒரு கிழமை பொறுத்திருங்கள். நல்ல கடன் ஒரு கிழமையில் ஓடிப்போகாது.

தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்திலோ மரண உதவிச் சங்கத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள், மாதக் கணக்கை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் சுவரில் ஒட்டுங்கள். வந்த காசு, போன காசு, இருப்பு. மூன்று வரி போதும். கூட்டத்தில் வாசித்தும் காட்டுங்கள்.

சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர்களும் இதையே செய்யலாம். மரக்கறித் தோட்டமோ, தையலோ, கோழியோ, பெட்டிக்கடையோ, முதலில் ஒன்றை எடுங்கள், ஒன்றைச் சரியாகச் செய்யுங்கள். ரொச்டேல் கடை ஐந்து சாமானோடுதான் தொடங்கியது. விலையைப் பலகையில் எழுதுங்கள். தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று வேண்டாம். வீட்டுக் காசையும் தொழில் காசையும் இரண்டு டப்பாவில் வையுங்கள். உங்கள் தொழில் என்ன, யாருக்கு விற்கிறீர்கள், என்ன மிஞ்சும் என்பதை உங்கள் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு விளங்கினால் திட்டம் சரி. விளங்காவிட்டால் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள், திட்டத்தைத் திருத்துங்கள்.

"எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. அதைக் கேட்கிறவரைச் சங்கத்துக் கூட்டத்தில் யாரும் அடக்கவும் கூடாது. அவர் ஒருவருக்காக மட்டும் கேட்கவில்லை. கேட்கத் தயங்கி உட்கார்ந்திருக்கும் இன்னும் பத்துப் பேருக்காகவும்தான் கேட்கிறார். பத்திரம் எதுவும் விளங்காவிட்டால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து, வரி வரியாக, சேர்ந்தே வாசிப்போம்.