தர்மத்தை ஏற்பவர்க்கும் உரிமை உண்டு

பசித்தவர்க்குச் சோறும் ஆடையற்றவர்க்குத் துணியும் கொடுப்பது புண்ணியம் என்ற நம்பிக்கை நம் ஜனங்களின் ரத்தத்தில் ஊறியது. வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் தொடங்கிய சத்திய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்க, அதே தர்மத்தைத் தம்மால் இயன்ற அளவில் செய்துவரும் சிறு ஸ்தாபனங்களும் இளைஞர் மன்றங்களும் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களுடைய தொண்டைக் குறைத்துப் பேசுவது என் உத்தேசமன்று. ஆயினும், இலவசமாக வாங்குகிறவர் அதன் தரத்தையோ கொடுக்கப்படும் முறையையோ கேள்வி கேட்கலாகாது என்னும் எண்ணம், கொடுப்பவர் வாங்குபவர் ஆகிய இரு சாராரின் மனத்திலும் ஆழப் பதிந்திருக்கிறதே, அதைச் சட்டமும் ஏற்கவில்லை, நியாயமும் ஏற்கவில்லை.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, தைப்பூசத்துக்கு முந்தின நாள், வாணியம்பாடியில் தனியார் ஒருவர் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் வழங்க ஏற்பாடு செய்திருந்த இடத்தில் கூட்டம் முண்டியடித்து, வயதான பெண்கள் நால்வர் நெரிசலில் மாண்டார்கள். ஒரு சேலைக்காக, அதுவும் சேலைகூட அன்று, சேலைக்கான ஒரு துண்டுச் சீட்டுக்காக நான்கு உயிர்கள் போனதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. பெருங்கூட்டம் கூடும் என்று தெரிந்தும் காவல் நிலையத்துக்கு முன்கூட்டித் தெரிவியாமலும், வெளியேற வழி விடாமலும், முதியோருக்குத் தனி வரிசை அமைக்காமலும் தானம் செய்ய முற்படுவது பெருங்குற்றமென்றே கொள்ளவேண்டும். தெருவாரியாக நாள் பிரித்து வீட்டுக்கே சீட்டை அனுப்பிவிட்டால் இந்த அபாயத்துக்கே இடமில்லை. வாங்கச் செல்பவரும், வரிசை குலைந்து பின்னாலிருந்து தள்ளத் தொடங்குவதைக் கண்டால் உடனே விலகி அவசர உதவி எண்ணான 112-ஐ அழைப்பது நலம்.

அன்னதானத்திலும் இத்தகைய ஜாக்கிரதை தேவை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், லாபம் கருதாமல் உணவு சமைத்து வழங்கும் அமைப்புகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. மிஞ்சிய உணவைத் திரட்டி விநியோகிப்பதற்கென்றே 2019-இல் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. கல்யாண மண்டபத்தில் மீந்த சாதத்தை இரவு முழுதும் அண்டாவில் மூடிவைத்து, காலையில் பொட்டலம் கட்டுவதை நாம் காண்கிறோம். கொதியிலும் சாகாத ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் அரிசியில் உண்டு. சோறு ஆறிக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்க, அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை, வாடையிலும் தெரிவதில்லை. ஆகவே சோற்றை 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வைத்து அன்றே வழங்கிவிடவேண்டும். எப்போது சமைத்தது என்று கேட்கப் பொட்டலம் வாங்குபவருக்குப் பூரண உரிமை உண்டு. உண்டபின் வாந்தி பேதி கண்டால், மீதியை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்த்து, உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம்.

குழந்தைகள் காப்பகத்தில் பிறந்தநாள் சாப்பாடு போட்டுவிட்டு, இலைமுன் அமர்ந்த பிள்ளைகளோடு படமெடுத்து முகநூலில் இடும் வழக்கம் பெருகிவிட்டது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இத்தகைய படங்களைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குத் தெரிவிக்கலாம். வளர்ந்தவரானாலும், படத்துக்கு நின்றால்தான் பொட்டலம் என்று நிர்ப்பந்திப்பது அவருடைய கௌரவத்தை விலையாகக் கேட்பதே. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் 2017-இல் அமைக்கப்பட்ட ‘அன்புச் சுவர்’ இதற்கு நேர்மாறான முறையைக் காட்டிற்று. வைப்பவர் வைத்துப்போக, வேண்டியவர் எவர் முகத்தையும் பாராமல் எடுத்துக்கொண்டார்.

துணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினக் கடற்கரையில், எங்கிருந்தெல்லாமோ வந்த பழந்துணிகள் உடுத்துவாரின்றிச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. துவைக்காத சட்டை, பித்தான் அறுந்த கால்சட்டை, ரவிக்கையில்லாச் சேலை இவற்றை மூட்டை கட்டி அனுப்பியவர்கள், பெண்களுக்கு உள்ளாடையும் மாதவிலக்குத் துணியும் வேண்டுமென்று நினைத்தார்களில்லை. கொடுக்குமுன் கேட்டறிவதும், வேண்டாததை மறுக்க இடங்கொடுப்பதும் தர்மத்தில் அடங்கியவையே.

கேள்வி கேட்கும் உரிமை கொடுப்பவர்க்கும் உண்டு. நன்கொடை தருவோர் ஸ்தாபனத்தின் பதிவையும் ரசீதையும் கேட்டு வாங்குக. போலி வசூலில் இணையவழியாகப் பணம் இழந்தவர்கள் தாமதியாமல் இணையக் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மன்றத்தார் தரும் பொட்டலம் அரசின் கடமைக்கு ஈடாகாது என்பது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் உணவு பிரஜையின் சட்டபூர்வ உரிமையாயிற்று. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது, மிக வறிய அந்தியோதயா குடும்பங்களுக்கு மாதம் 35 கிலோ. கடையில் மறுத்தாலோ எடை குறைந்தாலோ ரேஷன் உதவி எண்ணான 1967-க்குப் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்டக் குறைதீர் அதிகாரியிடமும் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம். அட்டையே இல்லாதவர் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத முதியவரை அங்கே அழைத்துச் சென்று விண்ணப்பத்தை முடித்துக்கொடுக்க, பொட்டலம் வழங்கும் மன்றத்தார் வாரம் ஒரு நாளை ஒதுக்கலாம்.