கண்டு பேசுதலும் கருவிவழிப் பேசுதலும்



தொலைவில் வாழும் உற்றாரின் முகத்தை உள்ளங்கையளவான கருவியிலே கண்டு பேசும் காலம் இது. 1983ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலிருந்து பெருந்தொகையானோர் புலம்பெயர்ந்தனர். அவர்தம் குடும்பங்களிலே, மகனின் திருமணத்தையும் தாயின் இறுதிக் கிரியையையும் திரையிற் கண்டோர் பலர். கண்டும் காணாததுபோன்ற ஒரு குறை அவர்களுக்கு எஞ்சுகின்றது. இது வெறும் மனப்பிரமையன்று. இதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, காலம். நேரில் உரையாடுவோரிடையே, ஒருவர் முடித்தலுக்கும் மற்றவர் தொடங்குதலுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. பத்து மொழிகளை ஒப்புநோக்கி 2009இல் வெளியான ஆய்வொன்று, வினாவுக்கும் விடைக்கும் இடையே சராசரியாகச் செக்கனின் ஐந்திலொரு பங்களவே கழிகின்றது எனக் கண்டது. எனவே, எதிரிலிருப்பவர் பேசி முடிக்குமுன்னரே நாம் விடையை ஆயத்தஞ் செய்துவிடுகின்றோம் என்பது பெறப்படும். கருவிவழிப் பேச்சிலோ, ஒலியும் உருவமும் எண்களாக மாற்றப்பட்டு, கடலடி வடங்களினூடே சென்று, மறுமுனையில் மீள உருப்பெறுதல் வேண்டும். இதற்கு அவ்வளவு நேரமோ அதனினும் கூடுதலாகவோ செல்வதுண்டு. அதனால் இருவரும் ஒருங்கே பேசத் தொடங்குவர். பின்னர் ஒருங்கே நிறுத்துவர். தயங்காது சொன்ன "ஓம்" என்னும் விடையும் தயங்கிச் சொன்னதுபோலத் தோன்றும்.

இரண்டாவது, பார்வை. படம்பிடிக்கும் வில்லை பெரும்பாலும் திரையின் மேல்விளிம்பில் உள்ளது. திரையிலே மகளின் கண்களை நோக்குந் தாய், மகளுக்குச் சற்றுத் தாழ நோக்குபவளாகவே தெரிவாள். வில்லையை நோக்குவாளாயின், மகளுக்கு அது நேர்நோக்காகும்; ஆனால் தாய் மகளின் முகத்தைக் காணாள். இருவர் பார்வையும் எதிர்ப்படுவதற்கு வழியில்லை.

மூன்றாவது, மௌனம். துயருற்றவர் அருகே வாளாவிருத்தலும் ஆறுதலாகும். கருவியிலோ, பேச்சு நின்றால் தொடர்பு அறுந்ததோ என ஐயுறுகின்றோம்.

இவற்றால் கருவிகளை இகழ்தல் தகாது. 1876இல் அலெக்சாந்தர் கிரகம் பெல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்ற நாள்முதல், சந்திக்கவியலாதோர்க்கு இவை செய்துவரும் உதவி பெரிது. கடல்கடந்த மகனுக்குத் திரையன்றி வேறு வழி இல்லாதிருக்கலாம். ஆயின், அடுத்த தெருவிலே துக்கம் நிகழ்ந்தவிடத்தும் கைத்தொலைபேசியில் ஒரு வரி அனுப்பி அமைவோமாயின், தொலைவினால் வரும் குறையை நாமே அயலிலும் வருவித்தவராவோம். நடந்து செல்லக்கூடிய தூரத்திலுள்ளவரை நடந்து சென்றே காண்போமாக.