முதுசமாய் வந்த மீன்தொட்டி

தகப்பனார் வளர்த்த மீன்தொட்டி முதுசமாய் மகனிடம் வரும்போது, அவர் முதலிற் செய்வது பெரும்பாலும் அதனை முற்றாகக் கழுவுதலே. மீன்கள் இறப்பதும் அதனாலேயே. அடியிலுள்ள பருக்கைக் கல்லில் வாழும் நுண்ணுயிர்கள், மீன்கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா என்னும் நஞ்சை மாற்றுகின்றன. கல்லைத் தேய்த்துக் கழுவினால் அவையும் போய்விடும். வாரமொருமுறை நாலிலொரு பங்கு நீரை மாத்திரம் மாற்றுக. கசடு மிகுந்தால், எடுத்த நீரிலேயே கல்லை அலசுக. குளோரீனிட்ட குழாய்நீராயின் ஒருநாள் திறந்துவைத்தபின் ஊற்றுதல் வேண்டும்.

மூக்கின் இருபுறத்தும் ஒவ்வொரு துவாரம் மாத்திரம் காணப்பட்டால், அம்மீன் பெரும்பாலும் சிக்லிட்டுக் குடும்பத்தது. 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் இக்குடும்பமே. அதன் பெண்மீன் முட்டைகளை வாயினுள் வைத்துக் காக்கும். அந்நாட்களில் இரையை நாடாது. இதனை நோயென மயங்கி மருந்திடலாகாது. நமது களப்புகளுக்குரிய சிக்லிட்டு மீன்களோ ஆணும் பெண்ணுமாய் நின்று முட்டைக்குக் காவல் செய்யும், அச்சோடியைப் பிரித்தலாகாது.

கிருமிநாசினி பட்ட கையும் வாளியும் தொட்டியை அணுகலாகாது. எடுத்த நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்குப் பாய்ச்சலாம்; களப்பு மீனுக்கென உப்பிட்ட நீராயின் கூடாது. வேண்டாத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுதல் தகாது. அங்கே பெருகியபின் அதனை ஒழித்தல் அரிது.