ஆம்பூர் வீட்டில் ஐ.ஐ.டி. வகுப்பு!

தோல் தொழிற்சாலை எலக்ட்ரீஷியனான நான் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் இரவில் வீட்டுக் கம்ப்யூட்டரில், சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றிய பேராசிரியர் ஸ்ரீபாத் கர்மல்கரின் செமிகண்டக்டர் டிவைஸ் மாடலிங் பாடங்களை என்.பி.டி.இ.எல். மூலம் இலவசமாகப் பார்க்கிறேன். டிரான்சிஸ்டரின் நடத்தையைச் சமன்பாடுகளாக எழுதி, சிப் செய்யும் முன்பே கம்ப்யூட்டரில் சோதிப்பதுதான் மாடலிங்.

2001-ல் இவரும் அமெரிக்காவில் பணிபுரியும் உமேஷ் மிஸ்ராவும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரை இப்படி ஆராய்ந்தார்கள். கேட் ஓரத்தில் மின்புலம் குவிந்தால் அது பழுதாகும். மேலே ஓர் உலோகத் தகட்டை நீட்டினால் மின்புலம் பரவி, கூடுதல் வோல்டேஜைத் தாங்கும். ஈரத்தோலை ஒரே கிளிப்பில் இழுத்தால் கிழியும், பல கிளிப்பில் இழுத்தால் தாங்கும். எங்களுக்குத் தெரியாத சங்கதியா இது!

2022-ல் அவர் புவனேஸ்வர் ஐ.ஐ.டி. இயக்குநரானார். நான் இன்னும் ஒன்பதாவது பாடத்தில் இருக்கிறேன். கணக்கு புரியாதபோது வீடியோவை நிறுத்திவிட்டு, மகளின் பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைப் புரட்டுகிறேன்.